"மீதி" என்று எழுதினேன், "மிதி" என்று படித்தார்: தமிழ் எழுத்தை எவ்வளவுதான் நெருக்குவது?

திருச்சி_டிசைனர் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு சின்ன நிறுவனத்தில் மூன்று வருடமாக ஆப் வடிவமைப்பு செய்கிறேன். இப்போது கையில் இருப்பது பால் ஊற்றுகிறவர்களுக்கான ஆப். காலையும் மாலையும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதுவரை சேர்ந்த பணத்தில் கைக்கு வர வேண்டியது எவ்வளவு, இவ்வளவுதான் அதில் இருக்கும்.

போன வாரம் லால்குடி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் நாலைந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா, இரண்டு மாடு வைத்திருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். திரையை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். "மிதித் தொகை... மிதித் தொகைன்னா என்னம்மா?"

நான் எழுதியது "மீதித் தொகை". ஃபோனை வாங்கிப் பார்த்தால், பட்டனின் மேல் விளிம்பு "மீ"யின் தலையில் இருக்கும் சுழியை வெட்டியிருக்கிறது. சுழி போனால் "மீ" அப்படியே "மி" ஆகிவிடுகிறது. அவர் தப்பாகப் படிக்கவே இல்லை. இருந்ததைத்தான் படித்தார். அதற்கு முன்னால் பார்த்த இரண்டு பேர் ஊகித்துக்கொண்டு சரியாகவே சொல்லிவிட்டார்கள், அதனால் எனக்கு அதுவரை தெரியவே இல்லை.

அலுவலகத்தில் சொன்னேன். "ஃபான்ட் சைஸைக் குறைத்துவிடு, ஆங்கிலத்தில் சரியாகத்தானே வருகிறது" என்றார்கள். குறைத்தால் அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. என் லேப்டாப்பில் பார்த்தால் வெட்டே இல்லை, எல்லாம் அழகாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, இதை எப்படிச் சரி செய்வது? இன்னொன்று சில நாளாக மனதை அரிக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பெட்டி செய்துவிட்டு அதற்குள் தமிழைத் திணிக்கிறோமா? எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

---

மொபைல்_தச்சன்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

அந்த அம்மாவின் ஃபோனில் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். பேரனோ பேத்தியோ எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். எழுத்து அளவை எஸ்பி என்ற அலகில் கொடுத்திருப்பீர்கள், அது பயனர் வைத்த அளவுக்கு ஏற்ப வளரும். பட்டன் உயரத்தை டிபி என்ற அலகில் கொடுத்திருப்பீர்கள், அது வளராது. எழுத்து வளர்ந்து பெட்டி வளராவிட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதால் தப்பித்துவிடும். தமிழில் மேலே ீ, கீழே ூ இரண்டும் ஒரே வரியில் வரும், "கூலி மீதி" மாதிரி. மிச்சமே கிடையாது.

அதனால் பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள், குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். எழுத்துக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடும் 'இன்க்ளூட் ஃபான்ட் பேடிங்' என்பதை யாராவது அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டுவது ஆங்கிலத் தலைப்புக்கு அழகு, தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று "கொ" மூன்று துண்டாகிவிடக்கூடும்.

இன்னொன்று, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் ஒட்டும். ஆண்ட்ராய்டில் தமிழுக்கு இரண்டு விதமான எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒன்று இயல்பான உயரம். இன்னொன்று மேலும் கீழும் அமுக்கி, ஆங்கில வரி உயரத்துக்குள் அடங்குகிற மாதிரி செய்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்றும் நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ என்றும் பார்த்திருப்பீர்கள். கேட்காமல் கிடைத்தது அமுக்கியதுதான். இயல்பானது வேண்டுமென்றால் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்ற விருப்பத்தை நாமே போட வேண்டும். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-க்கு என்று கட்டும் ஆப்களில்தான் இயல்பான உயரமே முதல் தேர்வாக வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தாய்லாந்து மொழி எல்லாவற்றுக்கும் சேர்த்து.

பரிசோதிக்க ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்: "ஸ்ரீ வீட்டுக் கூரை நூறு மீதி". எழுத்தளவைக் கடைசி வரை கூட்டி, விலை குறைந்த ஃபோனில் பாருங்கள்.

---

சென்னை_கோடர்:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஐகான் போட்டுவிடலாமே. பணத்துக்குப் பர்ஸ், பாலுக்குக் கேன். மொழியே வேண்டாம், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

---

திருச்சி_டிசைனர்:

முயன்று பார்த்தோம். பால் கேனை எல்லாரும் கண்டுகொண்டார்கள், அது அவர்கள் தினமும் தூக்குகிற பொருள். பர்ஸைப் பார்த்து "பெட்டியா?" என்றார்கள். செட்டிங்ஸுக்கு வைத்த பல்சக்கரத்தைச் சூரியன் என்றார் ஒருவர். வெயில் நிலவரம் காட்டும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறார்.

---

மதுரை_கம்பாசிட்டர்:

அந்தச் சூரியன்தான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975-இல், பதினைந்து வயதில், மதுரையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கட்சி நோட்டீஸ், பில் புக், இதுதான் வேலை. 1977 தேர்தலில் இரவு பகலாக நின்றோம். சின்னங்களுக்கெல்லாம் பிளாக் செய்து தனி டிராயரில் அடுக்கி வைத்திருப்போம். உதயசூரியன், இரட்டை இலை, பசுவும் கன்றும், கதிர் அரிவாள். சின்னம் இல்லாமல் ஒரு நோட்டீஸ் போகாது.

கோடர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். சின்னம் தானாகப் புரிவதில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அதனால்தான் முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். அது வேலை செய்ததற்குக் காரணம் படம் மட்டும் இல்லை. ஆட்கள் வாசல் வாசலாகப் போய், சுவர் சுவராக வரைந்து, "இதுதான் நம்ம சின்னம்" என்று வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் பல்சக்கரத்தை யார் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் ஊரில் வட்டத்தைச் சுற்றிக் கூர்கூராக இருந்தால் அது சூரியன். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

இப்போது, அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எப்போதும் இப்படித்தானா என்றீர்கள். ஆமாம், ஒவ்வொரு கருவி வரும்போதும் எழுத்து எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறது.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படிக்கிறவர் புலவர், ஊகித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகு அந்தப் பேச்சு நடக்காது. நோட்டீஸைப் படிப்பவர் புலவர் இல்லை, உங்கள் லால்குடி அம்மா மாதிரி எழுத்துக்கூட்டுகிறவர்.

ஈய எழுத்துக் காலத்தில் எங்களுக்கு வந்த தொல்லை வேறு. கேஸ் என்று மரத்தட்டு, அறை அறையாக இருக்கும். தமிழில் அகர எழுத்து 18, புள்ளி வைத்தது 18, கி வரிசை 18, கீ வரிசை 18, கு வரிசை 18, கூ வரிசை 18. அதற்கே 108 அறை. பிறகு உயிரெழுத்து, ஆய்தம், கொம்புகள், கால், வடமொழி எழுத்து, எண், இடைவெளிக் கட்டை. ஆங்கிலம் கோக்கிறவர் நின்ற இடத்தில் நின்று கோப்பார். நாங்கள் கையை வீசிக்கொண்டே இருப்போம். சாயங்காலம் வலது தோள் கழன்றுவிடும் போலிருக்கும்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-இலிருந்தே தன் குடிஅரசு இதழில் அச்சடித்துவந்த வடிவங்கள். யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த லை, னை, ணை, ளை போனது. ஒட்டிச் சுழித்த ணா, றா, னா போனது. அவற்றோடு சேர்ந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ மாறின. மொத்தம் 13 எழுத்து என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் கேஸில் காலியானது ஏழே அறைதான், ஏனென்றால் "றொ"வுக்குக் கொம்பையும் பழைய "றா"வையும் சேர்த்துத்தான் கோப்போம். அந்த ஏழு அறை மிச்சமானதை இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் நினைக்கிறேன். குழந்தைகளுக்கும் சுலபம், டைப்ரைட்டருக்கும் சுலபம்.

ஆனால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. இருக்கிற ஈயத்தைத் தூக்கிப் போட எந்த முதலாளிக்கு மனசு வரும்? ஒரே நோட்டீஸில் மேல் வரியில் பழைய லை, கீழ் வரியில் புது லை என்று கோத்துக் கொடுத்திருக்கிறேன். என் அம்மா கடைசிக் கடிதம் வரை துதிக்கை போட்டுத்தான் "பிள்ளை" எழுதினார். என் பேத்தியால் அந்தக் கடிதத்தை நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிகிறது.

சுழி விஷயம் சொன்னீர்களே, அதைப் பற்றி ஒன்று. ஈய எழுத்தில் முதலில் உடைவது சுழிதான். மேலே மெலிசாக, பக்கத்தில் தாங்கல் இல்லாமல் நிற்கும். ஒரு கல்யாணப் பத்திரிகை, 300 பிரதி. "மணமகன் வீட்டில் மாலை விருந்து" என்று ஒரு வரி. புரூஃபில் சரியாக இருந்தது. ட்ரெடில் அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நூற்றைம்பதுக்கு மேல் எங்கேயோ "வீ"யின் சுழி நசுங்கிவிட்டது. மிச்சப் பத்திரிகை எல்லாவற்றிலும் "மணமகன் விட்டில்". விளக்கில் விழுகிற பூச்சி. கல்யாணப் பத்திரிகையில் போடுகிற வார்த்தையா அது? பையனின் அப்பா வந்து மேஜை மேல் பத்திரிகைக் கட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். முதலாளி அன்று ராத்திரியே திருப்பி அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து ஐம்பது பிரதிக்கு ஒருமுறை தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஈகார வரிசையையும் புள்ளியையும் மட்டும் பார்ப்பேன். சுழி தேய்ந்த எழுத்தை உடைசல் டப்பாவில் போட்டுவிடுவோம், அது நிறைந்ததும் உருக்கப் போகும்.

எழுத்துருவில் சுழி தேயாது என்றுதான் கம்ப்யூட்டருக்கு வந்தபோது நினைத்தேன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் அந்த மனிதர் நின்ற கோலம்தான் கண்ணில் வந்தது.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்த டிடிபி காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. எங்கள் கடையில் அடித்ததைப் பக்கத்துக் கடையில் திறந்தால் குப்பையாக வரும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்திய பிறகும் பழைய பழக்கம் விடவில்லை. எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வந்துதான் அந்தச் சுவர் இடிந்தது.

ஃபிளெக்ஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் மச்சினன் சுவரில் எழுதுகிறவன். நூல் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, முதலில் வெளிக்கோடு, பிறகு உள்ளே நிரப்புவான். மூன்று அடி உயர "வா"வை ஏணியில் நின்றபடி ஒரே மூச்சில் இழுப்பான். அவன் கூலிக்கணக்கில் எழுத்து மலிவு, முகம் விலை. தலைவர் முகம் வரைய ஒரு நாள் போய்விடும், அதற்குத் தனி ஆள் வேண்டும். அதனால் சுவரில் ஒரு முகம்தான் இருக்கும், மிச்சமெல்லாம் எழுத்து. போகிற வருகிறவர்கள் படிப்பார்கள்.

ஃபிளெக்ஸில் காசு சதுர அடிக்கு. முகம் போட்டாலும் எழுத்துப் போட்டாலும் ஒரே விலை. அன்றைக்கே மாறிவிட்டது. தலைவர் பெரிதாக, அடுத்தவர் கொஞ்சம் சின்னதாக, கீழே வட்டம் வட்டமாக இருபது முப்பது பேர். எழுத்துக்கு இடம் இல்லாமல் கோரல்டிராவில் மேலும் கீழும் இழுத்து, மஞ்சள் ஓரம், சிவப்பு ஓரம், நிழல் என்று போர்த்திவிட்டார்கள். காதுகுத்துக்கும் முகம், கண்ணீர் அஞ்சலிக்கும் முகம். பேனரில் முகம் வரவில்லை என்று பங்காளிகள் பேசாமல் இருந்த வீடு எனக்குத் தெரியும். இதெல்லாம் மனுஷர்கள் திடீரென்று மாறியதால் இல்லை. ஒரு மெஷின் முகத்தின் விலையைக் குறைத்தது. உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போயிற்று. 2019-இல் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டியில் போன ஒரு பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு உயிர் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மச்சினன் ரொம்ப நேரம் பேசவில்லை. "சுவர்ல எழுதினது யார் மேலயும் விழாது மாமா" என்றான்.

ஈயம் வாங்கியதும், மெஷின் வாங்கியதும், இப்போது ஃபோன் தயாரிப்பதும் யாரோ ஒரு ஆள். எதை வெட்டலாம், எதை அமுக்கலாம் என்று முடிவு செய்வதும் அவரே. படிக்கிறவரை யாரும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சைஸைக் குறைக்காதீர்கள். பெட்டியைப் பெரிதாக்குங்கள்.

---

யாழ்_ஆசிரியை:

ஐயாவின் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எழுத்து எவ்வளவு இடம் எடுக்கலாம் என்ற கேள்வி எங்களுக்கு வேறு மாதிரி வந்தது.

1957-இல் இலங்கையில் வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள "ஸ்ரீ" எழுத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரேயொரு எழுத்து, ஒரு சாண் தகட்டில். வடக்கிலும் கிழக்கிலும் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958-இல் தென்பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அப்போது அம்மம்மா கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர். வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையை அம்மப்பா இரவோடு இரவாகக் கழற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாராம். தமிழில் இரண்டே சொல், வீட்டின் பெயர். அதைத் திரும்ப மாட்டவே இல்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. தேக்குப் பலகை, எழுத்தைச் செதுக்கிக் கறுப்பு அடித்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு உளுந்தளவு ஆழம்.

இன்றைக்குப் பலகைகளில் மூன்று மொழியும் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சொல் நீளம் என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுவார்கள், சில இடத்தில் புள்ளியே இராது. பஸ்ஸில் ஓடுகிற எல்.இ.டி. பலகையில் இன்னும் மோசம், இருக்கிற நாலு புள்ளி விளக்குக்குள் எங்கே சுழி வரும்? வடிவாகத் தெரியாது, கிட்டப் போய்த்தான் வாசிக்க வேணும். பிள்ளைகளுக்கு நான் பலகைப் படங்களைக் காட்டி, எந்த எழுத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைகள் ஒன்றையும் தவறவிட மாட்டார்கள்.

தங்கச்சி, உங்கள் ஆப்பையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

---

திருச்சி_டிசைனர் (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. தச்சன் அண்ணா சொன்னது அப்படியே சரி. அந்த அம்மாவின் ஃபோனில் எழுத்தளவு கடைசிக்கு முந்தின படியில் இருந்தது. பேரன் வைத்துக் கொடுத்தானாம். பட்டனின் நிலையான உயரத்தை எடுத்தோம், வரி உயரத்தைக் கூட்டினோம், இயல்பான உயரத்துள்ள எழுத்துருவைப் போட்டோம். திரைக்கு ஆறு நாள் கணக்குத் தெரிந்தது இப்போது நாலு நாள்தான் தெரிகிறது. அதற்கு அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பாசிட்டர் ஐயாவின் கல்யாணப் பத்திரிகைக் கதையைத்தான் சொன்னேன். "வீட்டில்", "விட்டில்" இரண்டையும் தாளில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார்கள்.

பல்சக்கரத்தை எடுத்துவிட்டு "மாற்ற" என்று எழுத்தாகவே வைத்துவிட்டோம். பால் கேன் மட்டும் இருக்கிறது. யாழ் அக்கா சொன்னபடி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் காட்டினேன், ஒரு பையன் "ஞாயிறு" என்ற சொல்லில் ஞகரத்தின் வால் அடுத்த எழுத்தில் இடிக்கிறது என்றான். இடிக்கத்தான் செய்கிறது. அதையும் சரி செய்ய வேண்டும்.

நேற்று மறுபடியும் அந்த அம்மாவிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து, "மீதித் தொகை, ஆயிரத்து முந்நூற்று நாற்பது" என்று தடுக்காமல் படித்தார். அப்படியே விரலை மேலே நகர்த்தி ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டே போனவர், புதன்கிழமையில் நின்றார். "சாயங்காலம் ஊத்தின பாலு இதுல இல்லையே" என்றார். சீட்டை எடுத்து வந்து காட்டினார், மூன்று லிட்டர். உண்மையில் ஏறவில்லை. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.